தரையை மூடுவதா, தண்ணீருக்கு வழி விடுவதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடியிருப்போருக்காக முழுமையாக வெளியிடப்படுகிறது.)



அடுத்த பொதுக்குழுவில் நாம் ஓட்டுப் போட வேண்டிய தீர்மானம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பிளாக்குகளுக்கும் பின்னால் இருக்கும் 6,000 சதுர அடி மண் தரை முழுவதையும் 4 அங்குல கனத்திற்கு சிமென்ட் கான்கிரீட் போட்டு மூடுவது என்பதுதான் அது. அதைப் பற்றிப் பேச 20 நிமிடம் கேட்டேன். கொடுத்த செயலாளருக்கு நன்றி.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் பாதி கணக்கு. மீதிப் பாதி, கட்டடப் பொருள்களைப் பற்றி சிவில் இன்ஜினியர்கள் ஆராய்ந்து எழுதி வைத்திருப்பது. சில மாதங்களாக அவற்றைப் படித்து வருகிறேன். நமக்குப் பயன்படும் வரையில் சொல்கிறேன்.

தீர்மானம் கொண்டு வந்தவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. ஐப்பசி, கார்த்திகையில் அந்த இடம் சேறாகிவிடுகிறது. பி பிளாக்கில் சக்கர நாற்காலியில் வரும் பெரியவரை மழை நாளில் கேட் வரை கொண்டு வருவது பெரிய பாடு. கார்களின் டயர் பதிந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது. எனவே அந்தத் தரையை இப்படியே விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தரையைச் செப்பனிடுவதும் தரையை மூடுவதும் ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் வரவு செலவு

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வாய்ப்பாடு போதும், வீட்டில் யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஊர் என்று நாம் நினைக்கும் லண்டனில் ஏறக்குறைய 600 மி.மீ. தான். நமக்கு மழை குறைவில்லை. பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்த வேண்டியவர்கள் நாம்.

பின்புறத் தரை 6,000 சதுர அடி என்பது 557 சதுர மீட்டர். அதன் மேல் ஓர் ஆண்டில் விழும் மழை ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். நாம் வாங்கும் லாரி 12,000 லிட்டர் கொள்ளும். அப்படியானால் 65 லாரித் தண்ணீர்.

நம் மொட்டை மாடிகள் இரண்டும் சேர்ந்து 12,000 சதுர அடி. அதில் விழுவது 15 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். ஆவியானது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விட்டது எல்லாம் போக 80 சதவீதம் கிடைத்தாலும் 12 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர், அதாவது 104 லாரி.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 48 வீடுகள். வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்றால் மொத்தம் 24,000 லிட்டர். ஆண்டுக்கு 87 லட்சத்து 60 ஆயிரம். மாடித் தண்ணீர் முழுவதையும், தரையில் விழுவதில் பாதியையும் பூமிக்குள் இறக்கினால் மொத்தம் 16 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். நம் தேவையில் 68 நாட்களுக்கு அது ஈடாகும். இதனால் லாரியே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் 68 நாள் என்பது சித்திரை, வைகாசி இரண்டையும் தாண்டிய கணக்கு. லாரிக்கு நாம் அதிகம் செலவு செய்யும் மாதங்களும் அவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூமிக்குள் இறக்கிய தண்ணீர் நம் பெயரில் மட்டும் வரவாகாது. பக்கத்துக் குடியிருப்பின் போர்வெல்லுக்கும் போகும். அவர்கள் இறக்கியது நமக்கும் வரும். இது ஒரு கூட்டுக் கணக்கு. கூட்டுக் கணக்கில் எல்லோரும் எடுத்துக்கொண்டே இருந்து, யாரும் போடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 1 யாருக்கும் மறந்திருக்காது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்திற்கு வந்து சேர்ந்தது. நம் கொளத்தூருக்குப் பக்கத்து ஸ்டேஷன் அது.

மூழ்கியதும் காய்ந்ததும் ஒரே ஊர்தான். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் கையில் இருக்கிறது. நாம் மண்ணை மூடிய இடத்திலெல்லாம் மழை பூமிக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. தெருவில் அது வெள்ளம். ஆறு மாதம் கழித்து, இறங்காமல் போன அதே தண்ணீருக்காக லாரிக்குப் போன் செய்கிறோம்.

கடல் நீரைக் குடிநீராக்க மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் இருக்கின்றன. அவை தேவைதான். ஆனால் கடலுக்கு விட்ட மழையை மின்சாரம் செலவழித்துத் திரும்ப வாங்குவதை விட, விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்தி வைப்பது சிக்கனம்.

கான்கிரீட் ஏன் தண்ணீரை விடுவதில்லை?

பெரிய ஜல்லிகளைக் குவித்தால் நடுவில் சந்து இருக்கும். அந்தச் சந்தை மணல் நிரப்புகிறது. இப்போது மணலுக்குப் பதில் எம்-சாண்ட். மணலின் சந்தை சிமென்ட் பால் நிரப்புகிறது. நல்ல கான்கிரீட் என்றால் உள்ளே சந்தே இருக்கக்கூடாது. ஏனென்றால் தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, சிமென்ட் பெயர்ந்து விழும். கடற்கரை ஓரக் கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள். ஆகவே தூணுக்கும் தளத்திற்கும் தண்ணீர் புகாத கான்கிரீட் வேண்டும்.

கூரைக்காக உண்டான அந்தக் குணத்தை நாம் அப்படியே தரைக்கும் கொண்டு வந்துவிட்டோம். கார் நிற்கும் தரைக்கும் நடைபாதைக்கும் கம்பியே தேவையில்லை. அங்கே தண்ணீர் புகுந்தால் நஷ்டம் இல்லை, லாபம்.

இதைக் கருத்தில் கொண்டுதான் பெர்வியஸ் கான்கிரீட் என்ற ஒன்றைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் மணலே கிடையாது, அல்லது மிகக் கொஞ்சம். ஒரே அளவு ஜல்லி, அதன் மேல் பூசினாற்போல் சிமென்ட் பால், அவ்வளவுதான். நம் வீட்டுப் பொரி உருண்டையை நினைத்துக் கொள்ளுங்கள். வெல்லப்பாகு பொரிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. நடுவில் இருக்கும் சந்தை அடைப்பதில்லை. இதுவும் அப்படித்தான். மொத்தக் கனத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை காற்று இடைவெளி இருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மணல் சேர்க்காத கான்கிரீட்டில் ஏராளமான வீடுகள் கட்டினார்கள். தரைக்கு, மழைநீருக்காக, என்று பெரிதாக வந்தது பிற்பாடு.

நன்றாகப் போட்ட பெர்வியஸ் கான்கிரீட் 1 சதுர மீட்டரில் நிமிடத்திற்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடும். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை கொட்டினாலும், அது 1 சதுர மீட்டரில் நிமிடத்திற்கு 2 லிட்டருக்கும் குறைவுதான். ஆகவே பத்தில் ஒன்பது பங்கு அடைத்துக்கொண்டால் கூட அது மழையைச் சமாளிக்கும்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண கான்கிரீட்டை விட பலம் குறைவு. கார், ஸ்கூட்டர், நடைபாதைக்குச் சரி. தண்ணீர் லாரி வந்து திரும்பும் வழிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே கம்பி போடக்கூடாது. தூசி, இலைச் சருகு, களிமண் சேர்ந்தால் சந்துகள் மெல்ல அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வேகமான தண்ணீராலோ, தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலோ சுத்தம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போடும் கொத்தனாருக்குப் பழக்கம் இருக்க வேண்டும். வழக்கம்போல் கலவையில் தண்ணீரை ஊற்றினால் சிமென்ட் பால் கீழே வழிந்து அடிப்பக்கத்தை அடைத்துவிடும். மேலே பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும், தண்ணீர் இறங்காது. போட்டவுடன் பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஒரு வாரம் மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வெயிலில் காய்ந்து உதிரும்.

பேவர் பிளாக் பற்றி ஒரு தவறான எண்ணம்

கமிட்டியில் சிலர், கான்கிரீட் வேண்டாமென்றால் பேவர் பிளாக் போட்டுவிடலாம், அது தண்ணீரை விடும் என்கிறார்கள். கல்லைப் பார்த்தாலே இது சரியா என்று தெரிந்துவிடும். பேவர் பிளாக் என்பது நன்கு அழுத்தித் தயாரித்த கான்கிரீட். இந்தியத் தர நிர்ணயத்தில், ஐ.எஸ். 15658இல், இலேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனம், எம்-35 பலம் என்று வைத்திருக்கிறார்கள். அத்தனை உறுதியான கல்லுக்குள் தண்ணீர் போகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் கோடு வழியாகத்தான் போக வேண்டும்.

நம் தெருக்களில் எப்படிப் போடுகிறார்கள்? முதலில் பி.சி.சி. என்று ஒரு கான்கிரீட் தளம். அதன் மேல் கிரஷர் பவுடர். அதன் மேல் கல், நெருக்கமாக. கடைசியில் சந்தில் சிமென்ட் பவுடரைத் தூவித் துடைப்பத்தால் பெருக்கிவிடுகிறார்கள். இப்படிப் போட்டால் அதற்கும் சாதாரண கான்கிரீட்டிற்கும் தண்ணீர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை. காசு மட்டும் கூட.

தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் வேறு விதமாகப் போட வேண்டும். கல்லுக்கு நடுவில் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மணலுக்குப் பதில் பொடி இல்லாத, கழுவிய சிறு சிப்ஸ் ஜல்லி. கல்லுக்குக் கீழேயும் அதே சிப்ஸ். அதற்கும் கீழே முக்கால் ஜல்லி படுகை. பி.சி.சி. அறவே கூடாது. கார் நிற்கும் இடத்தில், நடுவில் துளை விட்டுப் புல் வளரும் கற்களையும் போடலாம். பொருள் ஒன்றேதான். போடும் முறையில்தான் தண்ணீரின் தலைவிதி இருக்கிறது.

கீழே இருக்கும் மண்

இந்தக் கூட்டத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான். மேலே எதைப் போட்டாலும், வேகத்தைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் மண். சென்னையில் மூன்று விதம். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரம் மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பாறை. அண்ணா நகர், மேற்கு மாம்பலம், நம் கொளத்தூர் இதெல்லாம் களிமண். மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் தண்ணீர் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. தான். பெசன்ட் நகர் உறவினர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி இங்கே குழி எடுத்தால் அது தொட்டியாகத்தான் நிற்கும்.

அப்படியானால் களிமண்ணில் இதெல்லாம் வீண்தானே என்று கேட்பீர்கள். வீண் இல்லை. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, தண்ணீருக்கு அவகாசம் கொடுப்பது. கல்லுக்கு அடியில் 1 அடி கனத்திற்கு முக்கால் ஜல்லி நிரப்பினால், அதில் ஏறக்குறைய 40 சதவீதம் சந்து. அதாவது 12 செ.மீ. மழையை அந்தப் படுகை அப்படியே வைத்துக்கொள்ளும். நம் 6,000 சதுர அடியில் இது சுமார் 67,000 லிட்டர். வானிலைத் துறை 'கனமழை' என்று சொல்வது 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை. ஆக ஒரு முழுநாள் கனமழை தெருவுக்குப் போகாமல் நம் காலடியில் நிற்கும். களிமண்ணில் மணிக்கு 2 மி.மீ. என்று வைத்தாலும், இரண்டரை நாளில் அது இறங்கிவிடும். மேலே சேறு இல்லை, வெளிச்சத்தில் தேங்கும் தண்ணீர் இல்லை, கொசுவும் இல்லை. அதற்குள் அடுத்த மழை வந்தால், மிஞ்சியது வெளியேற ஒரு வழிகால் குழாய் வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, களிமண்ணைத் தாண்டிப் போவது. பழைய வீடு இருந்த காலத்து உறைகிணறு ஒன்று பி பிளாக் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஸ்லாப் போட்டு மூடிக் கிடக்கிறது. பலருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் தண்ணீர் ஊறும் மண் வரை தோண்டித்தான் கிணறு இறக்கினார்கள். மேலே இருக்கும் களிமண்ணைக் கடக்கும் வழி நமக்கு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மழைநீர் சேகரிப்புக்காக 1990களிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பேசிவரும் சேகர் ராகவன் அவர்கள், 2002இல் சென்னையில் ரெயின் சென்டரைத் தொடங்கியவர். மாடித் தண்ணீரை வடிகட்டித் திறந்த கிணற்றில் விடுங்கள் என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவரும் யோசனைகளில் ஒன்று. புதுக் கிணறு தோண்டும் செலவு நமக்கு மிச்சம்.

2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்று ஊரெல்லாம் ஓடி ஓடி வேலை செய்தது நினைவிருக்கும். நாடே திரும்பிப் பார்த்த சட்டம் அது. ஆனால் குழி எடுப்பது சட்டத்தின் வேலை, அதைத் தூர்வாருவது குடியிருப்பவர் வேலை. நம் வளாகத்தில் நான்கு குழிகள் உள்ளன. மூடியைத் தூக்கிப் பாருங்கள். இரண்டில் கூழாங்கல் மேல் சேறு படிந்து கல்லாக இருக்கிறது.

இதன் எல்லை எதுவரை?

சீனாவில் 2015இல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பாஞ்ச் நகரம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நகரத்தையே கடற்பஞ்சு மாதிரி ஆக்குவது. தண்ணீர் விடும் நடைபாதை, குளம், ஈரநிலம், மாடித் தோட்டம் எல்லாம் சேர்த்து, விழும் மழையில் 70 சதவீதத்தை ஊருக்குள்ளேயே பிடித்து வைப்பது குறிக்கோள். ஆனால் இந்தத் திட்டத்திற்குப் பெரும் பணம் ஒதுக்கிய ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரு மணி நேரத்தில் 20 செ.மீ. மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு இன்னொரு 2015 வந்து, பின்புறத் தரை மூழ்கினால், "ஜல்லி போட்டால் தண்ணீர் நிற்காது என்று சொன்னாரே" என்று யாரும் கேட்கக் கூடாது. நாம் செய்யப் போவது ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைக்கும் கனமழைக்கும் வழி. பெருவெள்ளத்தைத் தடுக்க ஏரிகளும் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களும் வடிகால்களும் சரியாக இருக்க வேண்டும். அது அரசின் வேலை. நம் காம்பவுண்டுக்குள் விழும் மழைக்கு நாம் பொறுப்பு.

என் கோரிக்கைகள்

பொதுக்குழுவில் தீர்மானத்தை அப்படியே நிறைவேற்றாமல், கீழ்க்கண்டபடி மாற்றிக் கொண்டு வரும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. கேட்டிலிருந்து இரண்டு பிளாக்குகளின் லிஃப்ட் வரை 5 அடி அகலத்திற்கு, சொரசொரப்பான சாதாரண கான்கிரீட் பாதை ஒன்று போட வேண்டும். சக்கர நாற்காலிக்கும் வயதானவர்களுக்கும் குழந்தைகளின் தள்ளுவண்டிக்கும் அது அவசியம். இதில் தண்ணீர்க் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

2. லாரி வரும் வழி இப்போது இருக்கும் கான்கிரீட்டாகவே இருக்கட்டும்.

3. மீதமுள்ள இடத்தில் பி.சி.சி. இல்லாமல், 1 அடி ஜல்லிப் படுகை மேல், இடைவெளி விட்ட பேவர் பிளாக் அல்லது பெர்வியஸ் கான்கிரீட். ஒப்பந்தக்காரர்கள் மூவரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். கொட்டேஷனில் "பேவர் பிளாக், இத்தனை சதுர அடி" என்று ஒரே வரியில் எழுதினால் ஏற்க வேண்டாம். அடியில் என்ன, எத்தனை அங்குலம், சந்தில் என்ன என்று தனித்தனியாக எழுத வேண்டும். முதலில் 3 அடிக்கு 3 அடி மாதிரி ஒன்று போட்டுக் காட்டட்டும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். இதற்கென்றே அமெரிக்கத் தர முறையொன்று இருக்கிறது, எண் சி 1701. 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தரையில் ஒட்டி, அளந்த தண்ணீரை ஊற்றி, எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பார்ப்பதுதான். ஆண்டுதோறும் அதே இடத்தில் செய்தால் அடைப்பு எவ்வளவு என்று நமக்கே தெரிந்துவிடும்.

4. வேப்ப மரங்கள் மூன்றைச் சுற்றியும் 1 மீட்டர் மண்ணாகவே விட வேண்டும். டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நமக்கு உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

5. ஆவணி முடிவதற்குள் உறைகிணற்றைத் திறந்து, தூர் எடுத்து, வடிகட்டித் தொட்டி கட்டி, மாடிக் குழாய்களை அதில் இணைக்க வேண்டும். கிணற்றின் மேல் கம்பி வலையும் பூட்டும் கட்டாயம். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதிலிருந்து விலகியே எல்லாம் செய்ய வேண்டும். படுகைக்காக மண் எடுக்கும்போது சம்ப்பையும் தூண்களின் அடித்தளத்தையும் ஒட்டித் தோண்டக்கூடாது. இதற்காக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

6. பராமரிப்புக்கென்று பட்ஜெட்டில் தனித் தலைப்பு. கார் கழுவும் சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் இந்தத் தரையில் விடக்கூடாது. கார் கழுவ லாரி வழியில் ஓர் இடம் ஒதுக்கிவிடலாம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த மாதம் எத்தனை லாரி வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருடத்திற்கும் மேல் லெட்ஜர் எழுதிய கை, இதையும் எழுதும். கூட வர விரும்பும் பிள்ளைகள் வரலாம். இரண்டு மழைக்காலம் போனபின் அந்த நோட்டை இதே கூட்டத்தில் வைக்கிறேன். செய்தது பலித்ததா இல்லையா என்று அதைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

கான்கிரீட் ஒரு முறை போட்டுவிட்டால் உடைக்க யாருக்கும் மனம் வராது. இருபது வருடம் அப்படியே கிடக்கும். நம்மில் பலர் அதுவரை இருப்போமோ என்னவோ, இந்த வீடுகளில் நம் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் ஓட்டுப் போடுவதற்கு முன் ஒரு நாள் பின்புறம் போய், அந்த மண்ணையும் மூடிக் கிடக்கும் கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் மாலை நடையின்போது என்னை நிறுத்திக் கேட்கலாம். கணக்குத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், அலுவலக அறையில் வாங்கிக்கொள்ளலாம்.